பச்சை நூல் கட்டிய குடைமிளகாய்

ஜனவரி 20

அக்கா,

போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு விரலைத் தேய்த்துக்கொள்ளாதே. நேரில் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுது. பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்குத் தாங்காது, கடைசியில் அடிபட்ட நானே அடித்த உன்னைத் தேற்றிவிட்டு வருவேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. காகிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அழு, எனக்குக் கேட்காது.

சனிக்கிழமை சாயங்காலம் உன் சமையலறையில் நின்று, வயிற்றில் குழந்தை என்று உன்னிடம் சொன்னேன். என் கணவரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை என்றும் சொன்னேன். நீ கரண்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அடுத்த வாரம் ஆற்றுப் பாலத்துக்கு ஆள் போடுகிறார்கள், அங்கேயே தங்கிக் கட்டுமானத்தைப் பார்க்க நான்தான் பொறுப்பு என்று தலைமைப் பொறியாளர் பாதி சொல்லிவிட்டார், கையெழுத்துப் போடும்வரை அவர் காதுக்கு இது போகக் கூடாது என்றேன். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், என் வேலை மேசையிலும் நிழலிலும்தான், ஒரு ஆபத்தும் இல்லை என்றேன். போன வருஷம் என் பக்கத்து மேசைக்காரி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்று அன்பாகப் பேசியே அவளை ஓரங்கட்டிய கதையையும் சொன்னேன். "செத்தாலும் வாய் திறக்க மாட்டேன்டி" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னவள் நீ.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுச் சாப்பாட்டுக்குத் தலைமைப் பொறியாளரே மனைவியோடு வந்து நின்றார். வழியில் பார்த்தேன், கூட்டி வந்தேன் என்றார் என் கணவர். சரி, அதுவும் யார் குற்றமும் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். நீ எல்லோருக்கும் பூரணம் அடைத்து மூடி வைத்த குடைமிளகாய் பரிமாறினாய். என் மிளகாயின் மூடியில் மட்டும் ஒரு பல்குத்தும் குச்சி, அதில் பச்சை நூல். அந்த அம்மாள் அதைப் பார்த்ததும் கையைத் தட்டிச் சிரித்தாரே, காதிலேயே நிற்கிறது. "அட, இது நீங்க சமைக்கிற ஆஸ்பத்திரியில மாசமா இருக்கிறவங்க தட்டுல வைக்கிற நூலாச்சே! எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. என்னம்மா, விசேஷமா? சொல்லவே இல்லையே!"

வாய் திறக்க மாட்டேன் என்றாய். திறக்கவில்லைதான். நூலைக் கட்டிவிட்டாய்.

தலைமைப் பொறியாளர் எனக்கு வாழ்த்துச் சொன்னார். அந்த வாழ்த்திலேயே எல்லாம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் செய்தாய்? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன் தங்கை


ஜனவரி 24

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். வார்டுக்கு அனுப்ப வேண்டிய கஞ்சியில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. எனக்குக் கீழே வேலை செய்கிற பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கஞ்சி வைத்தார்கள்.

ஏன் செய்தாய் என்கிறாய். நான் எதையடி செய்தேன்? கை செய்தது. ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் சர்க்கரைக்காரருக்குச் சிவப்பு நூல், உப்பு ஆகாதவருக்கு நீலம், கர்ப்பிணிக்குப் பச்சை. தட்டு மாறிப்போனால் உயிருக்கு உலை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், எனக்கு அடுப்புப் பழக்கம். மற்ற எல்லோருக்கும் காரமான உருளைக்கிழங்கு வைத்து அடைத்தேன். உனக்கு மட்டும் காரம் இல்லாமல், சத்தாக, வேறு பூரணம். மூடி போட்டுவிட்டால் எல்லா மிளகாயும் ஒரே மாதிரிதானே இருக்கிறது? உன்னுடையது எது என்று தெரிய வேண்டாமா? கை தானாகக் குச்சியை எடுத்தது, நூலைச் சுற்றியது. பரிமாறும்போது உருவிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் திடுதிப்பென்று அவர்கள் வந்து நின்றதில் எல்லாம் மறந்துபோயிற்று. பொம்பளைக்கு ஒரு புத்தி, விருந்தாளி வந்தால் அதுவும் இல்லை.

அந்த அம்மாள் எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆயிரம் பேருக்குத் தட்டு அனுப்புகிறேன். தட்டுத்தான் தெரியும், முகமா தெரியும்?

நடந்தது நடந்துவிட்டது. உங்கள் தலைமைப் பொறியாளர் ஒன்றும் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிடவில்லையே? உனக்குள்ள மூளைக்கு அவர் வேறு ஆளைத் தேடிப் போவாரா? வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அது உள்ளே இருக்கிற குட்டிக்கு ஆகாது. சாப்பிடுகிறாயா? காலையில் வாந்தி இன்னும் இருக்கிறதா? எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஜனவரி 31

அக்கா,

உன் ஆறுதலை மடித்து வைத்துக்கொள். பாலத்துக்கு 'ஸ்கேல்' போகிறான். எங்கள் அலுவலகத்தில் எதையும் அளந்து அளந்து பேசுவானே, அவன். என் வரைபடத்தில் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதுதான் இத்தனை நாளாக அவன் வேலை. இனி என் வரைபடத்தை வைத்துக்கொண்டு அவன் பாலம் கட்டுவான். தலைமைப் பொறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த நேரத்துல உங்களைத் தொந்தரவு பண்ணினா எனக்குப் பாவம் வந்து சேரும்மா" என்றார். மூன்று வருஷம் அந்த ஆற்றின் மண்ணை நான் பரிசோதித்திருக்கிறேன். எந்தத் தூண் எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவருடைய பாவ புண்ணியத்துக்கு நான் பலி.

வீட்டுக்கு வந்து இவர் முன்னால் அழுதேன். இவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "விடு, அக்கா வேணும்னா செஞ்சாங்க? கைதவறிப் போச்சு. பெரியவங்கதானே" என்றார். உனக்கு இந்த உலகத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார், சந்தோஷப்படு.

கைப்பழக்கம் என்று நீ எழுதியதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. உன் வீட்டில் உப்பு டப்பாவுக்குக்கூட நூல் கட்டியிருப்பாய், அது எனக்குத் தெரியும். அதனால் பாதிக்குமேல் நம்புகிறேன். ஆனாலும் கோபம் தீரவில்லை. கோபத்துக்கு நியாயம் தெரியுமா?

இப்போது எழுதுவது அதற்காக இல்லை. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் சத்தம் போட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார், சாப்பாட்டாலும் ஏற்ற வேண்டுமாம். எதை வாயில் வைத்தாலும் வெளியே வருகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இந்த மாதத்தில் வயிறு நிறைய, குமட்டாமல், பிடித்துச் சாப்பிட்டது உன்னுடைய அந்தக் குடைமிளகாய் ஒன்றுதான். அந்த அம்மாள் நூலைப் பார்த்துக் கையைத் தட்டும்வரை எவ்வளவு ருசியாக இருந்தது!

அதை எப்படிச் செய்வது என்று எழுதி அனுப்பு. கொண்டுவந்து கொடுக்காதே. கோபம் உன் மேல்தான், மிளகாய் மேல் இல்லை.

தங்கை


பிப்ரவரி 4

என் தங்கமே,

கடிதத்தைப் பார்த்ததும் உன் அத்தானைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். "உன் மேல் இல்லை, மிளகாய் மேல் இல்லை" என்று படித்துவிட்டேன். அவர் பிடுங்கிப் பார்த்து, "உன் மேலதான்னு போட்டிருக்குடி" என்றார். போகட்டும். கேட்டாயே, அது போதும்.

நல்ல கனமான, காம்பு பச்சையாக இருக்கிற குடைமிளகாயாகப் பார்த்து வாங்கு. உட்கார வைத்தால் உருளாமல் உட்கார வேண்டும். தலையை மூடி மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, விதையையும் வெள்ளை நரம்பையும் கரண்டியால் சுரண்டிவிடு. கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம் போட்டுக் கவிழ்த்து வை. அப்போதுதான் தோல் விறைப்பு போகும், உனக்கும் வயிறு உப்பாது.

உள்ளே வைப்பதற்கு முளைகட்டிய பச்சைப்பயறு, பொடியாக நறுக்கிய பசலைக்கீரை, துருவிய கேரட், உதிர்த்த பனீர். கீரையை மண் போக நாலு தண்ணீரில் அலசு. பனீர் அன்றைக்கு வாங்கியதாக இருக்கட்டும். பயறைப் பச்சையாக ஒன்றுகூட வாயில் போடாதே. முளைகட்டியதைப் பச்சையாகத் தின்பது இந்த நேரத்தில் ஆகாது, குழைய வேகவைத்துத்தான் சேர்க்க வேண்டும். கொஞ்சம் எண்ணெயில் சீரகம், வெங்காயம், தட்டிய இஞ்சி, ஒரு சிட்டிகை மிளகு. பிறகு கீரை, கேரட், பயறு. தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பனீர் சேர். ஆறியதும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழி. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வேண்டுமானால் புளிப்பு வேண்டும். சாப்பிட்ட கையோடு டீயைக் குடித்துவிடாதே, குடித்தால் அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர். மிளகாயில் அழுத்தி அடைத்து, மூடியை வைத்து, அகலமான சட்டியில் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கத்தி வழுக்கிக்கொண்டு இறங்குகிற வரை மூடி வேகவை.

ஒன்று சொல்ல மறந்தேன். பயறைக் கடையில் முளைகட்டிய பாக்கெட்டாக வாங்காதே, எந்தத் தண்ணீரில் கழுவினார்களோ. அன்றைக்கு உனக்கு வைத்தது முழுக்க என் கையால் முளைகட்டியது. உன் அத்தானுக்கு வாயுத் தொல்லை, நம் வீட்டுக்குள் பயறே வராது, தெரியுமில்லையா? உனக்கென்றே வாங்கி, ஊறவைத்து, துணியில் கட்டி, ஜன்னலோரம் தொங்கவிட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வளர்த்தேன். முளை அரை விரல் நீளம் வந்த பிறகுதான் எடுத்தேன். அதற்குக் குறைந்தால் எனக்குத் திருப்தி இல்லை. வேறு யாருக்கு இவ்வளவு மெனக்கெடுவேன்?

சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எழுது.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். சாயங்காலம் பயறை ஊறப் போட்டேன். காலையில் வடித்துத் துணியில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டேன். அன்றைக்கே இரவுச் சாப்பாட்டுக்குச் செய்துவிடலாம் என்று குடைமிளகாயும் வாங்கிவந்து துணியைப் பிரித்தேன். ஒவ்வொரு பயறிலும் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது, அவ்வளவுதான். சமையலில் நான் ஒரு மக்கு, எங்கேயோ தப்புச் செய்துவிட்டேன் என்று உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தப்பு ஒன்றும் இல்லை. இந்தக் குளிருக்கு நீ சொன்ன அரை விரல் நீளம் வர அதற்கு மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

அந்த இரண்டு நாளும் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் உன்னிடம் சொன்னது சனிக்கிழமை சாயங்காலம். சாப்பாடு ஞாயிற்றுக்கிழமை. என் தட்டில் இருந்த பயறுக்கு நீளமான முளை இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியானால் நான் வந்து சொல்வதற்கு முன்பே அது உன் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கென்றே.

வேறு யாருக்காவது முளைகட்டியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உன் வீட்டுக்குள் பயறே வராது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். நுணலும் தன் வாயால் கெடும். பிறகு இன்னொன்றும் உறைத்தது. திடுதிப்பென்று வந்த இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மிளகாய் சரியாக எப்படி இருந்தது? இவ்வளவு கணக்குப் போட்டுத் தூண் நிறுத்துகிறவளுக்கு ஆறு மிளகாயை எண்ணத் தெரியவில்லை.

மிளகாயை அடைத்து வேகவைத்து இவருக்கும் வைத்தேன். எதிரில் உட்கார்ந்தேன்.

"நல்லா வந்திருக்கே," என்றார்.

"பயறு முளைக்க நாளாச்சு. அக்காவுக்கு எப்ப சொன்னீங்க?"

எதைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நான் இன்னும் கொஞ்சம் நம்பியிருப்பேன். கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"புதன்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"அவங்களைக் கூட்டிட்டு வந்தது?"

"அது... அக்காதான் சொன்னாங்க. அந்தம்மா நூலைப் பார்த்தா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு."

வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறேன். இரண்டு பக்க வேலியும் பேசிவைத்துக்கொண்டு மேய்ந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

வேலை போனதுகூட இருக்கட்டும். அன்றைக்கு நான் சொன்னதும் கரண்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அது என்ன அழுகை? மூன்று நாளாகத் தெரிந்த செய்திக்கு எப்படி அக்கா அப்படி அழ முடிந்தது? உன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் தெரியுமா? எனக்கு எதிரே அந்த ஜன்னல்தான் இருந்திருக்கும். அந்த மூட்டையை நான் பார்த்திருக்கக்கூட வேண்டும்.


பிப்ரவரி 15

சின்னவளே,

இனி மூடி மறைக்க ஒன்றும் இல்லை. ஆமாம். நானும் மாப்பிள்ளையும் பேசித்தான் செய்தோம்.

அவர் எங்கள் சமையற்கூடத்து வாசலில் வந்து நின்றார். சாப்பிடுங்கள் என்று உட்கார வைத்தேன், தட்டைத் தொடாமல் அழுதார். "அவ போயிடுவா அக்கா. என்னை இங்க விட்டுட்டு, இந்த உடம்போட, அந்தப் பொட்டல்ல போய் உக்காருவா. நான் சொன்னா கேக்க மாட்டா" என்றார். ஆபீசில் அவரே சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். நீங்கள் சொன்னீர்கள் என்று தெரிந்தால் அவள் உங்களோடு வாழ மாட்டாள், நான் கைதவறிச் செய்தேன் என்றால் நாலு நாள் திட்டிவிட்டு ஐந்தாம் நாள் வந்துவிடுவாள், அக்காதானே என்று விட்டுவிடுவாள் என்றேன். உன் குடும்பம் உடையக் கூடாது என்று பழியை என் தலையில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மாளின் முகமும் எனக்குத் தெரியும். பத்து நாள் என் தட்டில் சாப்பிட்டவர்.

நீயும் ஒன்று யோசித்துப் பார். எனக்கு ஏழாம் மாதம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். டாக்டர் எனக்கும் ஒரு ஆபத்தும் இல்லை என்றுதான் சொன்னார். நான் பொட்டலுக்கா போனேன்? என் சமையற்கூடத்தில், என் அடுப்புக்கு முன்னால், நின்ற இடத்தில் போயிற்று. அதன் பிறகு எத்தனை கர்ப்பிணித் தட்டுக்குப் பச்சை நூல் கட்டியிருப்பேன்! ஒவ்வொன்றிலும் வயிறு எரியும். எரிந்துகொண்டேதான் சத்தாகச் சமைத்துப் போட்டேன். உன்னையும் அப்படிப் பார்க்க என்னால் முடியாது. உன்னை என் கண்ணெதிரில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். தப்பா?

இன்னொன்றும் கேட்கிறேன், கேட்காமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும். நான் உனக்கு அம்மாவுக்கு அம்மா என்று ஊரெல்லாம் சொல்வாய். அந்தச் செய்தி எனக்கு உன் வாயால் வரவில்லையே. மாப்பிள்ளை சொல்லித் தெரிந்தது. மூன்று வாரமாக உனக்குத் தெரியுமாம். புதன்கிழமையிலிருந்து, இன்றைக்கு வருவாள், இன்றைக்குச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சனிக்கிழமை நீ வந்து சொன்னபோது நான் அழுதது நடிப்பு இல்லை. கடைசியில் வந்து சொன்னாளே என்று அழுதேன். நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் பிரசவத்துக்கு இங்கேதான் வர வேண்டும். உன் பக்கத்தில் நான்தான் இருப்பேன். அதை மட்டும் என்னிடமிருந்து பறித்துவிடாதே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

நீ எழுதிய மற்றக் கடிதங்களும் வந்தன. வீட்டுக்கு வந்தவற்றை இவர் இங்கே அனுப்பிவைத்தார். எல்லாவற்றையும் படித்தேன்.

நான் ஆற்றங்கரையில் இருக்கிறேன். தலைமைப் பொறியாளரிடம் நானே நேரில் போய், பொறுப்பாளராக வேண்டாம், மண் பரிசோதனைக்கு மட்டும் அனுப்புங்கள், என் உடம்பின் பாவ புண்ணியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மனைவியும் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, அனுப்பிவிட்டார். ஆகவே 'ஸ்கேல்' எனக்கு மேலதிகாரி. தினமும் காலையில் வந்து, அடுத்த தூணுக்கு எவ்வளவு ஆழம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போய், வேலையாட்களிடம் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்கிறான். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சிரிப்பு வருகிறதே என்று ஒரு சந்தோஷம்.

இவரைக் கூட்டிவரவில்லை. வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். அவருக்குச் சாப்பாடு உன் வீட்டிலேயே போடு. நீங்கள் இரண்டு பேரும் நன்றாகக் கலந்து பேசுகிறீர்கள்.

உடம்பு நன்றாக இருக்கிறது. இரும்புச்சத்து ஏறிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் குடைமிளகாய் அடைத்துச் சாப்பிடுகிறேன். பயறு சேர்ப்பதில்லை. அதற்குப் பதில் வேகவைத்த கொண்டைக்கடலையை மசித்துப் போடுகிறேன். கொஞ்சம் வறட்சியாக இருக்கிறது, ஆனாலும் இறங்குகிறது. குழந்தை உதைக்க ஆரம்பித்துவிட்டது.

நீ ஏழாம் மாதத்தில் இழந்ததை நான் மறக்கவில்லை. அன்றைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது நான்தான். அந்தப் பயத்தை என்னிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். போயிருக்கக்கூட மாட்டேனோ என்னவோ. நீ என்னிடம் சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டுச் செய்தாய். அக்காதானே என்று விட்டுவிடுவாள் என்று சொன்னாயாமே, வேறு யாராவது செய்திருந்தால் இந்நேரம் விட்டிருப்பேன்.

மூன்று வாரம் உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் கேட்டிருந்தாய். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பேன். எப்படிச் சொன்னால் உனக்கு வலிக்காது என்று தெரியவில்லை. அதற்குத்தான் மூன்று வாரம்.

நேற்று இங்குள்ள ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்தேன். பிரசவத்துக்குத் துணைக்கு யார் என்று நர்ஸ் கேட்டாள். அடுத்த அறையில் இருக்கிற நில அளவைக்காரியின் பெயரைச் சொன்னேன், அவள் இருக்கிறேன் என்றிருக்கிறாள்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"கூட வேலை பார்க்கிறவங்க."

நர்ஸுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "அம்மா இல்லைன்னா பரவாயில்ல, அக்கா, தங்கச்சி, யாராச்சும்? கூடப் பொறந்தவங்க யாருமே இல்லையா?"

இல்லை என்றேன். அவளும் சரி என்று அப்படியே எழுதிக்கொண்டாள்.